பொன்னுத்தங்கம் ஆப்செட்டில் கூடு மாறிய நாள்

பொன்னுத்தங்கம் ஆப்செட் முதலாளி ராஜபாண்டியனுக்கு ஹரிஷ்குமாரைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவன் எதற்கு இருக்கிறான் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

திருத்தங்கலில் இருக்கும் அந்த அச்சகத்தில் மற்றவர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். மெஷின்மேன் மணிமுத்து வாரத்துக்கு ஒருமுறையாவது மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். பிறகு முகமெல்லாம் மையோடு வெளியே வந்து, "சரியாயிருச்சு மொதலாளி" என்பார். முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். உடனே எல்லாருக்கும் டீ சொல்வார். ஹரிஷ்குமாரோ கண்ணாடிக் கேபினுக்குள் ஏசிக் காற்றில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வந்து சேர்ந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் ஒருநாள்கூட நின்றதில்லை. நிற்காத கம்ப்யூட்டருக்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. முதலாளிமாருக்கு இந்த மாதிரி யோசனை எல்லாம் சீசன் நேரத்தில்தான் தோன்றும்.

"தம்பி, தப்பா நெனைக்காத. கம்ப்யூட்டருதான் நல்லா ஓடுதுல்ல. தீபாவளி முடிஞ்ச கையோட நீயும் நல்ல எடமாப் பாத்துக்க. ரிப்பேருன்னா கூப்புட்டுக்கிறேன்."

"நான் பாத்துக்கிறதுனாலதான் அண்ணாச்சி ரிப்பேர் ஆகல."

"அதத்தானே நானும் சொல்றேன். ஆகலைல்ல."

இதற்கு மேல் என்ன பேசுவது? ஹரிஷ்குமார் கேபினுக்குத் திரும்பினான். அவனுக்குத் தை மாதம் கல்யாணம். அச்சங்குளத்துப் பெண், பெயர் பிரீத்திகா. அவள் அப்பா கோட்டைச்சாமி, மகளைப் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வரும் தூரத்தில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தவர். மாப்பிள்ளைக்குத் திருத்தங்கலில் வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தட்டை மாற்றினார். இந்த வேலை போனால் அடுத்த வேலை பெங்களூரில். பெண் அச்சங்குளத்திலேயே இருக்கும்.

வேலை போகப்போகிறது என்று தெரிந்த அதே வாரத்தில்தான் கம்ப்யூட்டருக்குள் அந்தக் கோளாறு அவன் கண்ணில் பட்டது. வேறு ஒருவனாக இருந்தால் நின்று தொலையட்டும், அப்போதுதான் நம் அருமை தெரியும் என்று விட்டிருப்பான். ஹரிஷ்குமாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நேராக முதலாளி அறைக்குப் போய் விவரத்தைச் சொன்னான். முதலாளியின் மனைவி பொன்னுத்தங்கமும் அங்கேதான் இருந்தாள், பேப்பர் ஸ்டாக்கைச் சரி பார்த்துக்கொண்டு. அச்சகத்துக்குப் பெயர் மட்டும் அவளுடையது என்று நினைக்கிறவர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகாதவர்கள்.

"கம்ப்யூட்டர் எந்திரிச்சதும் மொதல்ல ஒரு புரோகிராம் ஓடும் அண்ணாச்சி. இனிட்டுன்னு பேரு. மத்த எல்லாத்தையும் அதுதான் எழுப்பிவிடும். பில்லு போடுறது, ஸ்டாக்கு பாக்குறது, நம்பர் பிரிச்சுக் குடுக்கிற நம்ம நம்பர்க்காரன் எல்லாம் அதோட பிள்ளைக. ஏதாச்சும் ஒண்ணு வேலை முடிஞ்சு செத்துப் போச்சுன்னா, எடுத்துப் போடுறதும் அதோட பொறுப்புதான்."

"எடுத்துப் போடுறதுன்னா?"

"பொணத்தை எடுக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. நம்மகிட்ட ஓடுற இனிட்டு பழசு. கொஞ்ச நாளா அது எடுக்கிறதே இல்ல. செத்ததெல்லாம் அப்படி அப்படியே கெடக்கு. எடம் ரொம்பிருச்சுன்னா புதுசா ஒண்ணும் ஓடாது. எல்லாம் நின்னுரும்."

பொன்னுத்தங்கம் நிமிர்ந்தாள். "எங்கன கெடக்கு?"

"உள்ளதான்க்கா."

"நம்ம கம்பெனிக்குள்ளயா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டருக்குள்ள."

"கம்ப்யூட்டரு கம்பெனிக்குள்ளதான இருக்கு?"

அவள் எழுந்து போய்ச் சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படிப் பேச்சா என்று அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்புட்டுதான, அமத்திட்டு மறுபடி போடு," என்றார் ராஜபாண்டியன்.

அங்கேதான் சிக்கல். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவர்கள் பெட்டி ரேப்பர் அடித்துக்கொண்டிருந்தார்கள். போலிப் பெட்டியைப் பிடிப்பதற்காக, இந்த வருஷம் ஒவ்வொரு ரேப்பரிலும் ஒரு தனி நம்பர் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நம்பர் இரண்டு தடவை வந்தால் மொத்த லோடையும் திருப்பி அனுப்புவோம் என்று பேச்சு. எந்த மெஷினுக்கு எந்த நம்பர் என்று பிரித்துக் கொடுக்கும் புரோகிராமைத்தான் எல்லாரும் நம்பர்க்காரன் என்றார்கள். மெஷின்கள் கொத்துக் கொத்தாக நம்பரை வாங்கிக்கொண்டு போகும். யாரிடம் எது பாதி மிச்சம் இருக்கிறது என்பது நம்பர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதிக்கொடுத்த கோயம்புத்தூர்க்காரன் கனடாவுக்குப் போய்விட்டான். நம்பரை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்ற நல்ல புத்தி மட்டும் அவனுக்கு வரவில்லை. எல்லாம் மனப்பாடம். அமர்த்திப் போட்டால் நம்பர்க்காரன் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"அப்ப நிறுத்தவும் கூடாது, நிறுத்தாமயும் இருக்கக் கூடாதுங்கிற."

"ஆமா அண்ணாச்சி. ஓடும்போதே பழைய இனிட்டை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்."

"ஓடுற லாரிக்கு டயரு மாத்துற மாதிரி."

"டயர் இல்ல அண்ணாச்சி. டிரைவரை."

ராஜபாண்டியன் எழுந்துகொண்டார். பிறகு, எதையாவது செய், லோடு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹரிஷ்குமார் வீட்டில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதே மாதிரி ஏற்பாடு செய்து மாற்றிப் பார்த்தான். முதல் தடவை எல்லாம் செத்தது. அடுத்த தடவை நம்பர்க்காரன் மட்டும் செத்தான். ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு எத்தனை தடவை மாற்றினாலும் ஒரு பிள்ளைக்கும் சேதமில்லை. சரி, நாளைக்கு எல்லாரும் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் மறுநாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு அந்த அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. மெஷினை எல்லாம் கழுவித் துடைத்ததும் மெயினை இறக்கிவிடுவார்கள். சாமி கும்பிட்ட பிறகு மறுநாள் காலை வரை எதுவும் ஓடக் கூடாது. எத்தனை பெரிய சீசனாக இருந்தாலும் பொன்னுத்தங்கம் இதில் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை.

"கம்ப்யூட்டரையும் சேத்துத்தான் சொல்றேன்," என்றாள் காலையிலேயே.

"அக்கா, அது நாளைக்கு வரைக்கும் பேட்டரியில ஓடும். மெயினை எறக்குங்க, இதை மட்டும் விட்டுருங்க."

"மத்ததெல்லாம் ஒருநாள் மூச்சு விடுதே, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நிறுத்தாத மெஷினைக் கும்புட்டா கும்புட்ட கணக்குலயே வராது."

ஹரிஷ்குமார் ராஜபாண்டியனைப் பார்த்தான். ராஜபாண்டியன் வாழைக்கன்றைப் பார்த்தார். மெஷின் விஷயம் என்றால் அவர் மனைவியோடு மல்லுக்கட்டுவார். சாமி விஷயத்தில் கல்யாணமான அன்றைக்கே ஆயுதத்தைக் கீழே போட்டவர்.

வேறு வழியில்லாமல், தான் செய்யப்போவதை ஒன்றுவிடாமல் அவளிடம் விளக்கினான். பழைய இனிட்டு தனக்குத் தெரிந்ததை எல்லாம், எந்தப் பிள்ளை எங்கே ஓடுகிறது, யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எல்லாம், ஒரு மூலையில் குறித்து வைக்கும். பிறகு தன் உடம்பை விட்டுவிட்டுப் புது உடம்புக்குள் போகும். உட்காரும் இடம் அதேதான். குறித்து வைத்ததைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

பொன்னுத்தங்கம் சந்தனம் குழைப்பதை நிறுத்தினாள். "கூடு விட்டுக் கூடு பாயுறதா?"

அவனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. "அதேதான்க்கா."

"அப்ப பழைய கூடு நின்னுரும்."

"நின்னுரும்."

"சரி, அப்ப நிறுத்துனதாத்தான் கணக்கு. பூசையில வச்சு எங்கண்ணு முன்னாடி பாயச் சொல்லு."

ஆளில்லாத நேரத்தில் முடித்திருக்க வேண்டிய காரியம் இப்படித்தான் திருவிழா ஆனது. மத்தியானத்துக்குள் சேதி கட்டிங், பைண்டிங், லேமினேஷன் எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கப்போகிறது என்று ஒரு கட்சி, வேறொரு கம்ப்யூட்டராக மாறப்போகிறது என்று இன்னொரு கட்சி. பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லாரும் கேபினுக்குள் வந்து அடைந்தார்கள். செருப்போடு வரக்கூடாது, ஈரக்கையோடு வரக்கூடாது என்று அத்தனை நாள் அவன் கட்டிக்காத்த கேபின் அது. கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. மாலை காற்றாடியை மறைத்துவிடாமல் இருக்க அவன் மூன்று தடவை நகர்த்தினான். யாரோ மூன்று தடவையும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

பொன்னுத்தங்கம் விளக்கேற்றினாள். மணிமுத்து மணியை எடுத்துக்கொண்டார். "ம், பாயச் சொல்லு," என்றாள்.

ஹரிஷ்குமார் கட்டளையை அடித்துவிட்டு விரலை எடுத்தான். என்டர் மட்டும்தான் பாக்கி. இது தப்பினால் இனிட்டு சாகும். இனிட்டு செத்தால் அந்த நொடியே எல்லாம் சாகும். நம்பர் போகும், லோடு போகும், பெண்ணும் போகும். அமுக்கினான். மணி கணகணவென்று அடித்தது.

திரையில் கர்சர் ஒரு கோடு கீழே இறங்கி நின்றது. அவ்வளவுதான்.

அவன் நம்பர்க்காரனைத் தேடினான். இருந்தான். எத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தானோ அத்தனை நாளும் அப்படியே இருந்தது. பில், ஸ்டாக், எல்லாம் உயிரோடு இருந்தன. இனிட்டு மட்டும் புதுசு. ஹரிஷ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிஞ்சிருச்சு," என்றான்.

யாரும் நகரவில்லை. "என்ன முடிஞ்சிருச்சு?" என்றார் ராஜபாண்டியன்.

"மாத்தியாச்சு அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியக் கூடாது அண்ணாச்சி. அதுதான் இதுல வேலையே."

ராஜபாண்டியன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்த முடிவு சரிதான் என்பது அந்தப் பார்வையில் தெளிவாகத் தெரிந்தது. பைண்டிங் பெண்கள் முகத்தில் கரகாட்டம் இல்லாமல் கோயில் கொடை முடிந்த மாதிரி ஓர் ஏமாற்றம். பொன்னுத்தங்கத்துக்கோ சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஒரு லைட்டுகூட அணையல. சத்தம்கூட அப்படியே கேக்கு. எங்க நின்னுச்சு? என்னையவே ஏமாத்துறியாலே? மணிமுத்து, அந்த பேட்டரிப் பெட்டியை அமத்து."

முதலாளியம்மா சொன்னால் மணிமுத்துவின் கை யோசிக்காது. அது பாட்டுக்கு சுவிட்சை நோக்கிப் போனது. ஹரிஷ்குமார் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். அப்போது அவன் மூளைக்கு எட்டிய ஒரே சாட்சியை எடுத்துப் போட்டான்.

"அக்கா, ஒரு நிமிசம். இங்க பாருங்க." காலையில் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். திரை முழுக்க வரிவரியாகச் செத்த புரோகிராம்கள். "இதெல்லாம் காலையில கெடந்த பொணம். இப்ப கம்ப்யூட்டரைப் பாருங்க, ஒண்ணுகூட இல்ல. பழசா இருந்தா எடுத்திருக்குமா? புதுசு வந்து உக்காந்ததும் மொத வேலையா எல்லாத்தையும் எடுத்துப் போட்டுருச்சு."

பொன்னுத்தங்கம் படத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. நம்பிவிட்டாள். ஹரிஷ்குமார் மூச்சு விட்டான். அவள் அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டாள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

"அம்புட்டையும் எடுத்துருச்சா?"

"அம்புட்டையும்."

"இப்பத்தான எடுத்துச்சு?"

"இப்பத்தான்க்கா. இந்தா, நீங்க பாக்கப் பாக்க."

"அப்ப பொணம் எடுத்த எடத்தைக் கழுவாம விளக்கேத்தி வச்சுக்கிட்டு நிக்கோம்," என்றாள்.

கேபினுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். அவர்களுக்கு இப்போதுதான் ஏதோ நடந்த மாதிரி இருந்தது. பொணம் எடுத்தால் வீட்டைக் கழுவி விட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைண்டிங் அய்யம்மாள் அதற்குள் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"மஞ்சளைக் கரைச்சு ஒரு வாளி கொண்டா. பெட்டி மேல நல்லா ஊத்தணும்," என்றாள் பொன்னுத்தங்கம்.

"அக்கா, கரண்டு பெட்டிக்கா. சுத்தித் தெளிங்க, மேல வேண்டாம்."

"கெடந்தது உள்ள. சுத்தித் தெளிச்சு என்னத்துக்கு?"

முறையாகப் பார்த்தால் அவள் சொன்னது சரி. வாளி வந்துவிட்டது. ஹரிஷ்குமார் மூலையில் கிடந்த, லேமினேஷன் போட்ட பளபளப்பான வேஸ்ட் ரேப்பர் ஷீட்டுகளை அள்ளிப் பெட்டி மேல் விரித்தான். அது போதாது என்று தோன்றியது. தானும் மேலே கவிழ்ந்து, இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டான். வாளியைத் தூக்கிய மணிமுத்து தயங்கி முதலாளியம்மாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த ராஜபாண்டியன், "ஏலே பாத்து," என்று சொல்வதற்குள் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் ஹரிஷ்குமாரின் தலையிலிருந்து கால்வரை இறங்கிவிட்டது.

சட்டை மஞ்சளாகிவிட்டது. காதுக்குள் தண்ணீர். பெட்டியின் மேல் மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை. நெஞ்சுக்குக் கீழே அது உர்ரென்று ஓடிக்கொண்டிருப்பதை அவன் உடம்பால் கேட்டான். அத்தனை அசிங்கத்திலும் அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"இப்பச் சுத்தம்," என்றாள் பொன்னுத்தங்கம். புதுசாகச் சூடம் ஏற்றிக் கம்ப்யூட்டருக்குக் காட்டினாள். அவன் இன்னும் பெட்டியை விடாமல் கட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்கும் சேர்த்துத்தான் காட்டும்படி ஆயிற்று. எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அய்யம்மாள் மட்டும் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை மெயினை ஏற்றினார்கள். மணிமுத்து மெஷினை ஓட்டினார். வெளியே வந்த முதல் தாளை ஹரிஷ்குமார் பிடுங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தான். முந்தாநாள் விட்ட இடத்துக்கு அடுத்த நம்பர். மற்ற மெஷின்களுக்கும் ஓடிப் போய்ப் பார்த்தான். எங்கேயும் ஒன்றுகூடப் பிசகவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

"அண்ணே, நம்பர் கரெக்டா வருதுண்ணே."

"முந்தாநாளும் கரெக்டாத்தானப்பா வந்துச்சு," என்றார் மணிமுத்து.

ரேப்பர் லோடு முழுசாக விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தது. ஒரு ரேப்பரும் திரும்பி வரவில்லை. தீபாவளியும் வந்து போனது. மறுநாளைக்கு மறுநாள் ராஜபாண்டியன் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஸ்வீட் பாக்ஸைக் கையில் கொடுத்தார். கொடுத்த விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி, ஒம்மேல ஒரு கொறையும் சொல்றதுக்கில்ல. சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு அண்ணாச்சி." கோட்டைச்சாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவன் மனசு அதற்குள் அச்சங்குளம் போய்விட்டது.

"என்னத்தைச் சொன்னீக?" என்று கேட்டுக்கொண்டே பொன்னுத்தங்கம் ஸ்டாக் ரூமிலிருந்து வந்தாள்.

"இல்ல, தம்பி வேற எடம் பாத்துக்கிறேன்னான். கம்ப்யூட்டருதான் நல்லா ஓடுதே."

"அவனை அனுப்பிட்டு அடுத்த வருசம் கூடு மாத்துறது யாரு? நீங்களா?"

"அடுத்த வருசமுமா?"

"பூசையில ஒண்ணைச் செஞ்சுட்டு மறுவருசம் விட்டா சாமி குத்தம் ஆகாதா? இந்த லோடு எப்படிப் பிசகில்லாமப் போச்சுன்னு நெனைக்கீக? அன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டுச் சூடம் வாங்குன புள்ளை அவன். அவனைப் போகச் சொல்ல ஒங்களுக்கு எப்படி மனசு வருது?"

ராஜபாண்டியன் விட்டத்தைப் பார்த்தார். ஹரிஷ்குமாருக்கு ஒரு பக்கம் ரோஷமாக இருந்தது. லோடு போனது சூடத்தால் அல்ல, தன்னால் என்று சொல்ல வேண்டும். புது இனிட்டு வருஷக்கணக்கில் ஓடும், அடிக்கடி மாற்ற அவசியமே இல்லை என்றும் சொல்ல வேண்டும். படித்தவன் சொல்ல வேண்டியது அதுதான். அதைச் சொல்லத்தான் வாயையும் திறந்தான்.

"வருசத்துக்கு ஒருதடவை கண்டிப்பா மாத்தணும்க்கா," என்றான். "ரெண்டு தடவைன்னா இன்னும் நல்லது."

"கேட்டுக்கிட்டீகளா?" என்று பொன்னுத்தங்கம் புருஷனைப் பார்த்தாள். "சித்திரை ஒண்ணுக்கும் வச்சிருவோம்."